‘லைட்டா’ என்று சொல்லும் ஒரு தீவு

போன மாதம் ஷர்மிளா போன் செய்தாள். தி.நகர் ஆபீசில் நான் ஓய்வு பெற்றுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேலையை மிஷின் செய்கிறது. மிஷின் செய்த தப்பை இவள் திருத்துகிறாள். முன்னேற்றம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

“அக்கா, உங்க நோட்டு இன்னும் இருக்கா?”

“எந்த நோட்டு?”

“அதான்க்கா, தீவு பாஷை நோட்டு. மிஷினுக்குச் சொல்லிக் குடுக்கணுமாம். ஒரு ஃபார்ம் அனுப்பறேன். இந்தப் பக்கம் வார்த்தை, அந்தப் பக்கம் அர்த்தம். அவ்ளோதான்.”

அவ்வளவுதானாம். பதினாறு வருஷம் காதில் கேட்டதை இரண்டு கட்டத்தில் அடக்கச் சொல்கிறாள். சரி என்றேன். போனை வைத்தபிறகு நோட்டைத் தேடி எடுத்தேன். அதைப் புரட்டியதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. ஃபார்மை கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு கடிதத்தைக் கையால் எழுத மாட்டார்கள். ‘இன்னாரைப் பார்த்தேன், இன்ன தொந்தரவு, இன்ன மருந்து’ என்று ஒரு கருவியில் பேசிவிடுவார்கள். அந்தக் குரல் கடல் தாண்டி தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடிக்கு வரும். நாங்கள் நாற்பது பேர் அதைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்புவோம். டாக்டர் படித்துக் கையெழுத்துப் போடுவார். மற்ற கம்பெனிக்காரர்கள் அமெரிக்காவுக்காக ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, மரமே சரியாக வளராத ஒரு தீவு. அவர்கள் நேற்றுப் பேசியதை நாங்கள் இன்று பகலில் அடித்தால் போதும். தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று பன்னிரண்டு பக்கத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். படிக்காமல்தான் போட்டேன், ஆனாலும் போட்டது போட்டதுதான்.

நான் படித்தது பிளஸ் டூ. மந்தைவெளியில் டைப்ரைட்டிங் ஹையர். அதன் பிறகு அபிராமபுரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷம் விவாகரத்தும் வாடகைத் தகராறுமாக அடித்துத் தள்ளினேன். என் ஆங்கிலம் முழுக்க அந்த மனுக்களில் பொறுக்கியது. இந்தக் கம்பெனியில் பரீட்சை வைத்தபோது நான் அடித்த முதல் வரியிலேயே ‘மேற்படி இடது சிறுநீரகம்’ என்று வந்துவிட்டது. சிறுநீரகத்தைப் பிரதிவாதி ஆக்கிவிட்டேன் என்று அறை முழுக்கச் சிரித்தார்கள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லாததால் எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சி ஆறு வாரம். அதில் ஒரு வாரம் கலாசார வகுப்பு. லண்டனில் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்த ஒரு கனவான் எங்களுக்கு முள்கரண்டியால் பட்டாணி சாப்பிடக் கற்றுக்கொடுத்தார். எந்த ஸ்காட்லாந்துக்காரனும் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பட்டாணிக்கு மட்டும் தெரியாது, பாவம், மேஜை மேஜையாக ஓடியது.

வேலை தொடங்கிய மூன்றாம் நாள் ஒரு வார்த்தை வந்து இடித்தது. ‘பீரி’. நோயாளிக்கு பீரி வீக்கம், பீரி குழந்தை பிறந்திருக்கிறது, பீரி காயத்துக்குத் தையல். செங்கல் கனத்துக்கு இருந்த மருத்துவ அகராதியில் இல்லை. பீரி என்பவர் அந்த ஊரில் பெரிய ஆள், எல்லாம் அவருடையது என்றுகூட ஒருத்தி சொன்னாள். மேலதிகாரி சேஷாத்ரி சார் முறைப்படி கடிதம் எழுதிக் கேட்டார். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது, ஒரே சொல்லில்: சின்ன.

சேஷாத்ரி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர். நங்கநல்லூரிலிருந்து வருவார். எட்டு ஐம்பத்தைந்துக்கு உள்ளே வந்தால் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். குரல் மிகவும் மெதுவாக வரும். அவர் பேச ஆரம்பித்தால் நாற்பது பேரும் ஹெட்போனைக் கழற்றியாக வேண்டும். அதுதான் அவருடைய அதிகாரம் என்று பிற்பாடு புரிந்தது. பச்சை மையில்தான் எழுதுவார். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, திட்டாமல், அந்தக் காற்புள்ளியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். திட்டியிருந்தால் தேவலை.

“நாம காதை வாடகைக்கு விட்டிருக்கோம். மூளையை விடலை. அதை ஆத்துல வச்சுட்டு வாங்கோ. டாக்டர் சொன்னதைக் கேளுங்கோ, கேட்டதை அடியுங்கோ. ஊகம் மட்டும் பண்ணாதீங்கோ.”

வேலைமுறை இதுதான். மேஜைக்குக் கீழே ஒரு கால்மிதி. மிதித்தால் டாக்டர் பேசுவார், எடுத்தால் நிறுத்துவார். மறுபடி மிதித்தால் இரண்டு வினாடி பின்னால் போய்த் தொடங்குவார். வீட்டில் யாருக்கும் இல்லாத வசதி. மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டு விடலாம். அதற்கு ப்ளாங்க் என்று பெயர். கோட்டுக்குப் பக்கத்தில் மூன்று காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, ஒலி தெளிவில்லை. இரண்டு, சொல் புரியவில்லை. மூன்று, பொருளில் ஐயம், நோயாளியிடம் உறுதி செய்யவும். மூன்றாவதைப் போட்டால் டாக்டர் அதை நிரப்பாமல் கையெழுத்துப் போடக் கம்ப்யூட்டர் விடாது. அந்த மூன்றாவதை எங்கள் ஆபீசில் யாரும் தொட்டதில்லை. வீட்டு ரிமோட்டில் யாரும் அமுக்காத ஒரு பொத்தான் இருக்குமே, அந்த மாதிரி.

ப்ளாங்க் விட்டால் மார்க் போகும். தண்ணீர் கேனுக்கு மேலே சுவரில் ஒரு தாள் தொங்கும். யார் எத்தனை ப்ளாங்க் விட்டார்கள் என்று சார் பச்சை மையில் எழுதுவார். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் படித்துவிட்டுத்தான் குடிப்பார்கள்.

அந்தத் தாளுக்குப் பயந்துதான் நோட்டுப் போட ஆரம்பித்தேன். பிறகு பயம் போய் ருசி வந்துவிட்டது. தீவின் முதல் எட்டு வருஷக் கடிதங்களில் பாதி ஒரே டாக்டருடையது. வயதானவர், பேசும்போதே பிஸ்கட் கடிப்பார். நாங்கள் வைத்த பெயர் பிஸ்கட் டாக்டர். நோயாளி எந்த வார்த்தையில் சொன்னாரோ அதே வார்த்தையைக் கடிதத்தில் வைப்பார், பெரும்பாலும் அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். நான் அந்த அர்த்தத்தை என் பாஷையில் எழுதிக்கொள்வேன்.

‘ஸ்பேகி’: பழக்கமில்லாமல் உடம்பை வளைத்து வேலை செய்தால் மறுநாள் வரும் வலி. நோட்டில் நான் எழுதியது: பொங்கலுக்கு ஒட்டடை அடித்த மறுநாள். ‘ட்ரோவி’: நோய் என்று சொல்ல முடியாது, ஆனால் ஆள் சரியில்லை. காத்துக்கருப்பு பட்ட மாதிரி. ‘ஸிம்மர் டிம்’: கோடையில் ராத்திரியிலும் முழுக்க இருட்டாத வெளிச்சம். நமக்கு மே மாதத்தில் ராத்திரியிலும் புழுக்கம் அடங்காது, அவர்களுக்கு வெளிச்சம் அடங்காது. ‘ஷூர்மல்’: கடலும் கரையும் தொட்டுக்கொள்ளும் கோடு. பெசன்ட் நகரில் நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளும் இடம். ‘இல்-பெஸ்ட்’: இருக்கிற மோசத்தில் நல்ல மோசம். இது எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்திலேயே தெரிந்திருந்தால் உபயோகமாக இருந்திருக்கும். ‘பீரி-வைஸ்’: பார்த்து, பதமா, அவசரப்படாமல். மாடிப்படி இறங்குகிறவரிடம் நாம் சொல்வோமே, அது.

‘பாங்ஸி’யில் மட்டும் சார் சண்டைக்கு வந்தார். அது ஒரு பெரிய பறவை. கூட்டுப் பக்கம் போனால் தலையில் வந்து அடிக்கும். ஒரு ஆளுக்கு மண்டையில் தையல் போட்டிருந்தார்கள்.

“பறவை அடிச்சுத் தையலா? ஊகம் பண்றேள்.”

ஆபீஸ் வேன் டிரைவர் கஜா வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வந்திருந்தான். “இன்னா சார் நீங்க? நடேசன் பார்க்காண்ட காக்கா என்னிய கொத்துச்சே, ஹெல்மெட்டோட போய்க்கினு இருந்தேன், நம்பல நீங்க. அதுக்கும் கூடு, இதுக்கும் கூடு. ஊரு எதுவா இருந்தா இன்னா?”

பாங்ஸி அங்கீகரிக்கப்பட்டது.

நோட்டு பெருத்தது. ஒருநாள் சார் அதைக் கேட்டு வாங்கிப்போனார். ஒரு மாதம் கழித்து, ‘அங்கீகரிக்கப்பட்ட சொற்பட்டியல்’ என்று அச்சடித்து எல்லார் மேஜையிலும் ஒட்டினார்கள். பொங்கலும் ஒட்டடையும் காணாமல் போயிருந்தன. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதுவும் நல்ல ஆங்கிலத்தில். அதோடு நிற்கவில்லை. பட்டியலைக் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிவிட்டார்கள். பீரி என்று அடித்துவிட்டு இடைவெளிக் கட்டையைத் தட்டினால் போதும், அது தானாக ‘லேசான’ என்று நல்ல ஆங்கிலத்துக்கு மாறிவிடும். எனக்கு ஒரு சான்றிதழும் ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் கஜாவுக்கு ஒன்று நடந்தது. ஒருநாள் மதியம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான்.

“இன்னா கஜா, சாப்பிடலையா?”

“லைட்டா இங்க புடிச்சா மாறி கீது மேடம்.” நெஞ்சைத் தடவினான். சாரிடமும் அதையே சொன்னான்.

“லைட்டாத்தானே? ஆறு மணி ட்ரிப்பை முடிச்சுட்டு டாக்டர்கிட்ட காட்டிக்கோ,” என்றார் சார்.

அவன் அப்படியே செய்தான். ஏழு பேரை வீடு வீடாக இறக்கினான். கடைசி வீடு சாருடையது. அவரையும் நங்கநல்லூரில் இறக்கிவிட்டு, தானே வேனை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆம்புலன்ஸ் போகிற வழியை மறிக்காமல் ஓரமாக நிறுத்தி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே சரிந்தான். இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. மூன்றாம் நாள் பார்க்கப் போனோம்.

“இன்னா மேடம், லைட்டான்னுதான் சொன்னேன், அதுக்குள்ள ரெண்டு கம்பி வச்சிட்டானுங்கோ.”

சார் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை மேஜையில் வைத்தார். அந்த நாளுக்குப் பிறகு காலையில் வேனில் ஏறும்போது “எப்படி இருக்கேள் கஜா?” என்று கேட்காமல் ஏற மாட்டார். அவனும் விட மாட்டான். “லைட்டா நல்லா கீறேன் சார்.”

அடுத்த வருஷம் பிஸ்கட் டாக்டர் ஓய்வு பெற்றார். தெற்கே பெரிய நகரத்திலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்தார். தெளிவான உச்சரிப்பு, சுத்தமான வாக்கியம், பிஸ்கட் கிடையாது. எங்கள் ஆபீசில் எல்லாரும் கொண்டாடினார்கள். தாளில் ப்ளாங்க்குகள் குறைந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கடிதம் ஒன்று என் காதுக்கு வந்தது. எழுபது தாண்டிய விவசாயி. ஆட்டுக்குக் கத்தரி போடாமல் கையாலேயே ரோமத்தைப் பிடுங்கி எடுப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அதைச் செய்துகொண்டிருந்தபோது நெஞ்சில் ஒரு பீரி இறுக்கம். பாதி மந்தையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, குன்றைத் தாண்டி நடந்தே கிளினிக்குக்கு வந்திருக்கிறார். வழியில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார். கேட்டதற்கு ஸ்பேகிதான், வேலை செய்த வலிதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, இதயப் பிரிவில் சாதாரண வரிசையில் நேரம் கேட்டு இந்தக் கடிதம். சாதாரண வரிசை என்றால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

நான் பீரி என்று அடித்தேன். கட்டையைத் தட்டினேன். ‘நெஞ்சில் லேசான இறுக்கம்’ என்று மாறிக்கொண்டது. ஸ்பேகி, ‘தசைவலி’ ஆனது. படித்தால் கச்சிதமான கடிதம். எந்த டாக்டரும் பதற மாட்டார்.

என் கால், மிதியிலிருந்து எடுத்தபடியே நின்றுவிட்டது.

எட்டு வருஷம் பிஸ்கட் டாக்டரின் குரலைக் கேட்டவள் நான். அந்தத் தீவில் ஆடு நடுவில் இருக்கும்போது எழுந்து வருகிற ஆள் கிடையாது. விரல் ஒடிந்தவர் ஒருவர் மந்தையை முடித்துவிட்டு மறுநாள் வந்தார். இவர் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்னொன்று, வீக்கத்தையும் குழந்தையையும் பீரி என்று சொன்னால் அது சின்னதுதான். தன் வலியைப் பீரி என்று சொன்னால் மட்டும் பிஸ்கட் டாக்டர் கடிப்பதை நிறுத்திவிடுவார். அடுத்த வரியே, ‘ஆகவே உடனே சேர்த்தேன்’ என்று வரும். தன் வலியைப் பெரிதாகச் சொல்வது அந்த ஊரில் அசிங்கம். அது வழக்கம், அகராதியில் வராது. டாக்டரம்மா ஊருக்குப் புதுசு, அவருக்கு யார் சொல்வார்கள்? என் பட்டியலும் சொல்லவில்லை. பட்டியலை ஆரம்பித்து வைத்தவளே நான்தான்.

சாரிடம் போய்ச் சந்தேகத்தைச் சொன்னேன். டாக்டர்களிடம் கேட்க வேண்டியதை ஒரு தாளில் சேர்த்து வாரம் ஒருமுறை அனுப்புவது வழக்கம்.

“கேள்வித்தாளில் எழுதி வையுங்கோ. வெள்ளிக்கிழமை அனுப்பலாம்.”

“சார், இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை.”

“நாம டாக்டர் இல்லேம்மா. டாக்டர் என்ன சொன்னா?”

“பீரின்னு சொன்னாங்க.”

“பட்டியல் என்ன சொல்றது?”

“லேசானதுன்னு.”

“அப்பறம் என்ன? நாம ஒரு வார்த்தையைக் கூட்டினா, நாளைக்கு ஒப்பந்தமே போயிடும். நாற்பது குடும்பம்மா.” அவர் சொன்னது பொய்யில்லை. அப்படி ஒரு வார்த்தையைச் சேர்த்ததற்காக வேறொரு கம்பெனியை மூட்டை கட்டச் சொன்னதை நாங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருந்தோம்.

திரும்பி இரண்டடி நடந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. “சார், கஜாகூட லைட்டான்னுதான் சொன்னான்.”

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். கஜா வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

எழுந்து என் இடத்துக்கு வந்தார். அதுவரை அவர் எந்த டைப்பிஸ்ட் நாற்காலியிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் ஹெட்போனை எடுத்துக் கைக்குட்டையால் துடைத்து மாட்டிக்கொண்டார். கால்மிதி பழக்கமில்லாததால் டாக்டரம்மா முதலில் வேகமாகவும் பிறகு விக்கி விக்கியும் பேசியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மூன்று முறை கேட்டார். விதிப்படி மூன்று முறை.

“நேக்குக் கேக்கலை,” என்றார்.

“சார்?”

“அந்த வார்த்தை. இறுக்கத்துக்கு முன்னாடி ஏதோ வரது. என்னன்னு பிடிபடலை. ப்ளாங்க் விடுங்கோ.”

“எந்தக் காரணம் சார் போடறது?”

“மூணாவது.”

நான் லேசான என்ற சொல்லை அழித்தேன். கோடு போட்டேன். பக்கத்தில், ‘பொருளில் ஐயம், நோயாளியிடம் உறுதி செய்யவும்’. எங்கள் ஆபீஸ் சரித்திரத்தில் முதன்முறையாக அந்தப் பொத்தான் அமுக்கப்பட்டது. அவசரம் என்ற குறியோடு கடிதம் போயிற்று. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனேன். சுவரில் என் பெயருக்கு எதிரே பச்சை மையில் எழுதியிருந்தது: ‘தேவையற்ற ப்ளாங்க், ஒன்று.’ காது கேட்காதது அவருக்கு, மார்க் போனது எனக்கு. விதி என்றால் விதிதான். அதே மனுஷர்தான் காலையில் அந்தக் கோட்டையும் போடச் சொன்னார். தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் வேலையில் பெரிய கொடுமை, முடிவு தெரியாது. ஒரு ஆளின் நெஞ்சுவலி காலையில் காதில் ஏறும், மதியம் இன்னொருவரின் முழங்கால் வந்துவிடும். எட்டு நாள், பட்டாணி மாதிரி மனசு உருண்டுகொண்டே இருந்தது. கஜாகூடக் கேட்டான். “இன்னா மேடம், உங்க ஆட்டுக்காரரு இன்னா ஆனாரு?” தெரியாது என்றேன். “லைட்டா இருப்பாரு, உடுங்க,” என்றான்.

ஒன்பதாம் நாள் டாக்டரம்மாவின் குரல் வந்தது. வேறு நோயாளி, வேறு கடிதம், காதில் சீழ். பேச்சு ஓட ஓட விரல் தானாக ஓடியது. கடிதத்தை முடித்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. ‘இது டைப்பிஸ்டுக்கு’ என்று ஆரம்பித்தார். ‘அன்று கோடு போட்டு அனுப்பியது யார் என்று தெரியாது. நோயாளிக்குப் போன் செய்தேன். மனைவிதான் எடுத்தார். தன் கணவர் குனிந்து பூட்ஸ் மாட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றார். அன்று மதியமே ஹெலிகாப்டரில் அனுப்பினேன். பிழைத்துக்கொண்டார். இனிமேல் இங்கே யாராவது தன் வலியைப் பீரி என்று சொன்னால் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். கோடு போட்டவருக்கு அந்த விவசாயி ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்: பீரி-வைஸ்.’

அவ்வளவையும் அடித்துவிட்டிருந்தேன். விரலுக்கு அது கடிதம் இல்லை என்று தெரியாதே. சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. முழுக்கப் படித்தார். பெருமூச்சு விடவில்லை.

“டைப்பிஸ்டுக்குன்னு சொல்றதைக் கடிதத்துல வைக்கப்படாது,” என்றார், வழக்கத்தைவிட மெதுவாக. “விதி நாலு.” பிறகு திரைப் பக்கம் குனிந்து, “அந்தக் கடைசி வார்த்தையில நடுவுல ஒரு சிறு கோடு வரும். நீங்க போடலை. போட்டுட்டு அழியுங்கோ,” என்றார்.

போட்டேன். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, பின்னாலிருந்து அழித்தேன்.

இப்போது ஷர்மிளாவின் ஃபார்ம். நேற்று உட்கார்ந்து நிரப்பி அனுப்பினேன். பாங்ஸி, ட்ரோவி, ஷூர்மல், எல்லாவற்றுக்கும் பொங்கல் ஒட்டடை சகிதமாக அர்த்தம் எழுதியிருக்கிறேன். மிஷின் படித்து மயிலாப்பூர் வழக்கத்தையும் தெரிந்துகொள்ளட்டும். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் கோடு. பத்து நிமிஷத்தில் போன் வந்தது.

“அக்கா, எல்லாம் சூப்பர். ஆனா பீரிக்கு எதிர்ல காலியா விட்டுட்டீங்க. மறந்துட்டீங்களா?”

“மறக்கலை.”

“அப்ப மிஷினுக்கு என்னன்னு சொல்றது?”

“நோயாளியிடம் உறுதி செய்யவும்.”

“அந்தக் கட்டத்துல அவ்ளோ இடம் இல்லக்கா.”

“தெரியும்மா. அதான் கோடு போட்டேன்.”